வெரிபீ சவுத் ஜெட்டியில் ஒரு சோதனை

தவத்தின் கத்தி பலகைமேல் விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன்.

அவர் மண்டியிட்டிருந்தார். இரண்டு கைகளும் பிடரியில் கோத்திருந்தன. முகம் மார்பில் படுகிற அளவுக்குக் குனிந்திருந்தது. இரைக்காக அறுத்துக்கொண்டிருந்த கணவாய்த் துண்டுகள் அவர் முழங்காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன. தூண்டில் கம்பு மட்டும் கைப்பிடிச் சட்டத்தில் சாய்ந்தபடி, நடந்தது எதுவும் தெரியாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவருக்குப் பக்கத்தில் மீன்பிடித் துறை அதிகாரிகள் இருவர் நின்றார்கள். ஒரு பெண், ஒரு இளைஞர். அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்றுதான். லைசென்ஸைப் பார்க்கலாமா? மெல்பர்ன் பக்கத்து வெரிபீ சவுத் ஜெட்டியில், கடலுக்குள் நீளும் இந்தப் பலகைப் பாலத்தில், தூண்டில் போடுகிற எல்லாரிடமும் கேட்பதுதான். குட் மார்னிங் சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு கேட்பார்கள்.

காற்றே இல்லாத காலை அது. கரைப்பக்கத் தோட்டங்களில் புரோக்கோலி அறுவடை முடிந்திருந்தது. விட்டுப்போன இலைகள் அழுகுகிற வாடை ஜெட்டியின் நுனிவரைக்கும் வந்தது. இன்றைக்கும் அந்த வாடை மூக்கில் ஏறினால் எனக்கு அந்தக் குனிந்த தலைதான் நினைவுக்கு வருகிறது.

அவரை அப்படியே விட்டுவிட்டுக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்.

மதுரைக்காரியும் தூண்டிலும்

நான் லேபில் மைக்ரோஸ்கோப்போடு கழித்த வருஷங்களைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியதைப் படித்துவிட்டு, இந்த அம்மாவுக்கு வேறு பொழுதுபோக்கே கிடையாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இருக்கிறது. சனி, ஞாயிறு காலைகளில் நான் மீன் பிடிக்கிறேன்.

மதுரையில் பிறந்தவளுக்கு வைகையில் தண்ணீர் ஓடினாலே அதிசயம். கடலைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் கிட்டே போய்ப் பார்த்தேன். மெல்பர்னுக்கு வந்து, எங்களால் வாங்க முடிந்த இடத்தில் வீடு வாங்கியபோது அது வெரிபீயாக இருந்தது. மகன் படிக்க சிட்னிக்குப் போன பிறகு சனிக்கிழமை காலைகளில் வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்க ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர் கராஜைக் காலி செய்யும்போது ஒரு பழைய தூண்டிலை, வேண்டுமா என்று கேட்டு வேலிக்கு மேலே நீட்டினார்.

என் கணவர் பாஸ்கர் சுத்த சைவம். நான் மீன் பிடிப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. குழம்பு மட்டும் கராஜில் இருக்கிற தனி அடுப்பில் கொதிக்க வேண்டும், அவ்வளவுதான். கொதிக்கும்போது உள்ளேயிருந்து ஒரு ஊதுபத்தி வாசனை வரும். அது அவருடைய பதில்.

முதல் தடவை என்னிடம் லைசென்ஸ் கேட்டபோது நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். லைசென்ஸ் போனில் இருந்தது. போனோ திறக்க மறுத்தது. விரலெல்லாம் இறால் பிசுக்கு. மதுரையில் டவுன் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறியதும், டிக்கெட் எடுத்தவர்களும் சேர்ந்து பையைத் துழாவுவார்களே, அந்தப் பதற்றம். எனக்கு அது ரத்தத்தில் இருக்கிறது. எடுத்த டிக்கெட்டை வாட்ச் பட்டையில் செருகி வைத்துவிட்டு, அது எங்கே என்று இடுப்பு, கூடை, பிளவுஸ் எல்லாம் தேடுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தியாகவும் இருந்திருக்கிறேன்.

அந்த அதிகாரி அவசரப்படவே இல்லை. நான் கையைத் துடைத்துக்கொள்ளத் தன் பையிலிருந்து ஒரு துணியை எடுத்துக் கொடுத்தார். அப்போதுதான் நான் இழுத்துப் போட்டிருந்த பிளாட்ஹெட் மீன், சட்டம் சொல்லும் நீளத்துக்கு ஒரு நகக்கண் அளவு குறைந்திருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கையை முதலில் கடல்நீரில் நனைத்துக்கொண்டால் மீனின் மேல்தோல் உரியாது என்று சொல்லி, எப்படிப் பிடித்துத் திரும்ப விடுவது என்று காட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

அன்று இரவு பாஸ்கரிடம், இந்த ஊரில் சட்டம் கை நனைத்துக்கொண்டு வருகிறது என்று சொன்னேன். அவர் ஊதுபத்தியை அணைத்துவிட்டு வந்து முழுக் கதையையும் கேட்டார்.

தவம்

தவம் எனக்கு அந்த ஜெட்டியில்தான் பழக்கம். நான் திருப்பரங்குன்றத்தில் இருக்கும் தங்கையோடு போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தேன். முடித்ததும் பக்கத்தில் ஒரு குரல், “அக்கா தமிழோ?” என்றது.

இலங்கையில் மன்னார்ப் பக்கம், பேசாலைக்காரர். என்னைவிடச் சில வயது இளையவர். அடைக்கலம் தேடிப் படகில் வந்தவர். குளிர்சாதனக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மனைவியும் மகளும் ஊரில். அவருடைய விசா தற்காலிகமானது, புதுப்பித்துப் புதுப்பித்துப் பழசாகிப்போனது. அதைப் பற்றி ஒரு தடவைதான் பேசினார். பார்க்கிங் ஃபைன் வந்தால்கூட அது எங்கேயோ ஒரு ஃபைலில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று அவர் நம்பினார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரியாததுதான் பிரச்சினை.

அதனால் அந்த ஜெட்டியில் அவரைப்போலச் சட்டத்தை மதித்தவர் கிடையாது. லைசென்ஸ் போனில் ஒன்று, சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒன்று, தூண்டில் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைத்து ஒன்று. அளவுகோலில் கோட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற மீனையும் தண்ணீரில் விட்டுவிடுவார். “இழுபறி வேண்டாமக்கா. போகட்டும், வளர்ந்து வரட்டும்” என்பார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எப்போதும் கார் நிறுத்துமிடம் தெரிகிற மாதிரிதான் உட்காருவார். காரைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். ஜெட்டிக்குப் போகவும் வரவும் ஒரே வழி, அந்த வழியில் யார் வருகிறார்கள் என்று பார்க்கத்தான் அது என்பது எனக்கு உறைக்கவில்லை. அதிகாரிகள் வருவது தூரத்திலேயே தெரிந்துவிட்டால் அவருக்குத் தயாராக நேரம் கிடைக்கும். முகத்தைச் சரிசெய்துகொள்வார். அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வார். அப்படிப் பல சோதனைகளை அவர் கடந்து வந்திருக்கிறார். நான் பக்கத்திலேயே இருந்தும் எதுவும் கவனித்ததில்லை.

அந்தக் காலையில் மட்டும் அவர் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரை அறுத்துக்கொண்டிருந்தார். பூட்ஸ் சத்தமும் கேள்வியும் ஒரே நேரத்தில் பின்னாலிருந்து வந்தன.

ரூத் உட்கார்ந்தார்

இப்போது திரும்பி வருகிறேன்.

இளைய அதிகாரி கீழே கிடந்த கத்தியைப் பார்த்தார். அவர் கை இடுப்பில் இருந்த ரேடியோவுக்குப் போனது. அந்தப் பெண் அதிகாரி திரும்பிக்கூடப் பார்க்காமல், உள்ளங்கையைத் தாழ்த்தி ஒரு சைகை காட்டினார். பிறகு தணிந்த குரலில் ஏதோ சொன்னார். இளைஞர் பின்வாங்கி, ஜெட்டியின் கரைப்பக்கம் இருந்த வியட்நாம் தம்பதியிடம் போய்ப் பேச ஆரம்பித்தார்.

எழுந்திருங்கள் என்று அந்தப் பெண் தவத்திடம் சொல்லவில்லை. தோளைத் தொடவில்லை. தொப்பியைக் கழற்றிப் பலகைமேல் வைத்தார். பிறகு, கொஞ்சம் தள்ளி, அவரைப் பார்க்காமல் கடலைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தார். உயரமான பெண். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜெட்டி விளிம்பில் தொங்கவிட்டுக்கொண்டார்.

நான் தவத்தைத் தூக்கிவிடப் போனேன். நீங்களும் உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன்.

தன் பெயர் ரூத் என்றார். தவத்தின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவரிடம் அவருடைய மொழியில் சொல்லச் சொன்னார்: அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, தான் எதையும் சோதித்துப் பார்க்கப்போவதில்லை.

சொன்னேன். தவத்துக்குக் கேட்கவில்லை. அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. குனிந்து கேட்டேன். தமிழ் இல்லை. சிங்களமாக இருக்க வேண்டும். அவருடைய பெயர் வந்தது, பேசாலை வந்தது, பிறகு எண்கள் மாதிரி ஏதோ வந்தது. மறுபடியும் பெயர், மறுபடியும் ஊர், ராணுவச் சோதனைச் சாவடியில் ஒப்பிக்கிற மாதிரி.

நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஜெட்டியில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் மிகுந்த கவனத்தோடு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மரியாதையையும் நான் மறக்கவில்லை.

அப்போது தவத்தின் தூண்டில் நுனி ஒருமுறை துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. பிறகு கம்பே வளைந்து, கைப்பிடிச் சட்டத்தின் ஓரமாக வழுக்கிக்கொண்டு போனது. ரூத்தின் கைக்கு எட்டும் தூரம்தான். நான் பாய்ந்து பிடிக்கப் போனேன். ரூத் தலையை அசைத்துத் தடுத்தார்.

“தவம்,” என்றார், “உங்க மீன்.”

பெயரை அவர் உச்சரித்த விதத்தில் அது யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெயர் மாதிரி இருந்தது. ஆனால் பிடரியில் இருந்த கை ஒன்று இறங்கியது. யோசித்து இறங்கியதாகத் தெரியவில்லை. அது கம்பைப் பிடித்தது. அடுத்த கையும் வந்து ரீலைப் பிடித்தது. ஒரு முழங்கால் எழுந்தது. பிறகு தவம் எழுந்து நின்று, உடம்பைப் பின்னால் சாய்த்து, தூண்டில் நரம்பைக் கொஞ்சம் விட்டு, கொஞ்சம் இழுத்து, அந்த மீனோடு பேச ஆரம்பித்தார். அவர் மூச்சு எங்களுக்குக் கேட்டது.

மேலே வந்தது ஸ்னாப்பர். ரோஜா நிறத்தில், முதுகில் நீலப் பொட்டுகளோடு, ஜெட்டியில் கிடைக்கிற குஞ்சுகளைப்போல இல்லாமல் நல்ல பருமனாக இருந்தது. ரூத் இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். அண்ணாந்து பார்த்து, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்.

தவம் கொக்கியைக் கழற்றினார். என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். “இது எங்கட ஊரில இல்லையக்கா. விளைமீனுக்குச் சொந்தக்காரன் எண்டு சொல்லுங்கோ.”

சொன்னேன். ரூத் ‘விளைமீன்’ என்று சொல்லிப் பார்த்தார். ‘ளை’ வரவில்லை.

மீனை அளவுகோலில் வைத்துத் தவமே அளந்தார். கோட்டைத் தாண்டி நன்றாகவே இருந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். ரூத் அதை வாங்கவில்லை. பார்க்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன், சொன்னது சொன்னதுதான் என்றார். நல்ல மீன் என்று சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

கதவுக்குப் பின்னால் இருந்த தூண்டில்

அதற்குப் பிறகு தவம் ஜெட்டிக்கு வரவில்லை.

முதலில் வேலை அதிகம் என்றார். பிறகு போனை எடுக்கவில்லை. பல வாரம் பொறுத்துவிட்டு, ஒரு மாலை பாஸ்கரையும் கூட்டிக்கொண்டு அவர் இருந்த வாடகை வீட்டுக்குப் போனேன். பிளேன் டீ போட்டுக் கொடுத்தார். பாஸ்கருக்கு முட்டை சேர்க்காத பிஸ்கட்டாகத் தேடி எடுத்து வைத்தார். தூண்டில்கள் கதவுக்குப் பின்னால், கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, டேப் போட்டு ஒட்டப்பட்டு நின்றன.

இன்னும் பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

“பயமெண்டால் பரவாயில்லையக்கா. அது எனக்குப் பழகின சாமான்,” என்றார். கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். “ஒரு களவும் செய்யேல்ல. ஒருத்தரும் என்னை இருக்கச் சொல்லவும் இல்லை. நானா முழங்காலில இருந்திட்டன். அவ்வளவு சனத்துக்கு முன்னால. அதைத்தான் என்னால விழுங்கேலாமல் கிடக்கு.”

டீயைக் குடித்துவிட்டு வந்தோம்.

அடுத்த சோதனையில் ரூத் என் லைசென்ஸைப் பார்த்து முடித்ததும், தவம் எப்படி இருக்கிறார் என்று பெயர் சொல்லிக் கேட்டார். வருவதில்லை என்றேன். விலாசம் கேட்கவில்லை, போன் நம்பர் கேட்கவில்லை. கைப்பிடிச் சட்டத்தில் கை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

அன்றைக்கு ஏன் தரையில் உட்கார்ந்தீர்கள் என்று நான் கேட்டேன். அதற்கென்று ஏதோ பயிற்சி இருக்கும், அதைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“நின்னா அவரோட உச்சந்தலைகிட்டதானே பேசியிருப்பேன்,” என்றார்.

பிறகு இரண்டு விஷயம் சொன்னார். தானும் இதே ஜெட்டியில் மீன் பிடிப்பதுண்டு, அடுத்த ஞாயிறு தனக்கு விடுமுறை, தூண்டிலோடு வரப்போவதாகச் சொன்னார். தவத்திடம் இதைச் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் என் இஷ்டம். இரண்டாவது விஷயத்தைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறியது. லைசென்ஸ் கேட்கிற எந்த அதிகாரியிடமும், முதலில் உங்கள் அடையாள அட்டையைக் காட்டுங்கள் என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டால் காட்டியே தீர வேண்டும். யாருமே கேட்பதில்லை. இது தவத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்.

நானும் அத்தனை வருஷம் அதை அறியாமலேதான் இருந்தேன்.

அன்றைக்குத் தவம் போனை எடுத்தார். சொன்னேன்.

“அவையளிட்ட நாங்கள் கேக்கலாமோ?”

“ஆமா. கேக்கலாம்.”

“கேட்டால் கோவிக்கமாட்டினம், என்ன?”

“அது சட்டம் தவம். அவங்க காட்டித்தான் ஆகணும்.”

சரியக்கா என்று சொல்லி வைத்துவிட்டார்.

சீருடை இல்லாத ஞாயிறு

ரூத் எனக்கு முன்பே வந்திருந்தார். முழங்கை தேய்ந்த கம்பளி ஸ்வெட்டர், மடக்கு நாற்காலி, பிளாஸ்க். பெரிய மீன்பிடிக்காரராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவர் தூண்டிலில் திரும்பத் திரும்பப் பேத்தை மீன்தான் மாட்டியது. தொட்டால் பலூன் மாதிரி வீங்கி, பல்லைக் காட்டி முறைக்கும், எதற்கும் உதவாத மீன். ஒவ்வொரு தடவையும் அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கடலில் விட்டார்.

வெயில் ஏறிய பிறகு தவம் வந்தார். ஜெட்டியின் தொடக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நடந்து வந்தார். தூண்டிலில் கறுப்பு டேப்பின் துண்டு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. குட் மார்னிங் என்றார். ரூத் தன் வாளியை நகர்த்தி இடம் கொடுத்தார்.

இருவரும் அதிகம் பேசவில்லை. நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மறுபடியும் பேத்தை மாட்டியபோது தவம் கை நீட்டி வாங்கி, கொக்கியைக் கழற்றிக் கொடுத்தார். மூன்று பேரும் பிளாஸ்க்கில் இருந்த காப்பியைப் பகிர்ந்துகொண்டோம். சர்க்கரை இல்லாத காப்பி. தவம் முகத்தைச் சுளிக்காமல் குடித்தார்.

அப்போது கார் நிறுத்துமிடத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. சீருடையில் இருவர் இறங்கினார்கள். தவம் அந்தப் பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். கைப்பிடிச் சட்டத்தைப் பற்றிக்கொண்டார்.

நான் ரூத்தைப் பார்த்தேன். இன்றைக்கு யாருக்கு டியூட்டி என்று தனக்குத் தெரியாது என்றார். இன்றுவரை நான் அதை நம்புகிறேன்.

வந்தவர்களில் ஒருவர் அன்றைக்கு ரேடியோவில் கை வைத்த அதே இளைஞர். ரூத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டு எங்களைத் தாண்டப் பார்த்தார். ரூத் விடவில்லை. எல்லாரையும் பார்க்கிற மாதிரி என்னையும் பார் என்றார். இளைஞர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு லைசென்ஸ் கேட்டார். ரூத் போனை எடுத்துக் காட்டினார். வாளியைத் திறக்கச் சொன்னார் இளைஞர். திறந்தார். உள்ளே கடல்நீர் மட்டும்தான் இருந்தது. இளைஞர் அதையும் எட்டிப் பார்த்தார். அவருடைய மேலதிகாரியான ரூத்தே எழுந்து நின்று, வாளியைச் சாய்த்துக் காட்டியதைத் தவம் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து நான். என் போன் அன்றைக்கு முதல் தடவையிலேயே திறந்தது.

பிறகு இளைஞர் தவத்தின் பக்கம் திரும்பினார். அவருக்கும் அந்தக் காலை நினைவிருந்தது. அதனால் இரண்டடி தள்ளியே நின்றார். குட் மார்னிங், லைசென்ஸைப் பார்க்கலாமா என்றார்.

கீழே பலகைகளுக்கு அடியில் அலை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் வாயைத் திறக்கப் போனேன். ரூத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். அவர் தன் தூண்டில் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தவம் கைப்பிடிச் சட்டத்திலிருந்து கையை எடுத்தார். வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“முதலில் உங்கள் அடையாள அட்டையைக் காட்டுங்கள், பிளீஸ்.”

இளைஞர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. நிச்சயமாக என்றார். நானே முதலில் காட்டியிருக்க வேண்டும் என்றார். பையிலிருந்து எடுத்து, தவத்தின் கையிலேயே கொடுத்தார்.

தவம் மேல் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பெயரைப் படித்தார். படத்தைப் பார்த்தார், இளைஞரைப் பார்த்தார். இளைஞர் தானாகவே தொப்பியைக் கழற்றி, முகம் தெரியும்படி நின்றார். தவம் மறுபடி படத்தைப் பார்த்தார். அட்டையைப் புரட்டிப் பின்பக்கத்தையும் படித்தார். அவசரமே இல்லை. அவருடைய வாழ்நாளில் எத்தனை பேர் அவருடைய அட்டையை அப்படிப் புரட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவர்களில் ஒருவராவது இவ்வளவு மரியாதையோடு புரட்டியிருப்பாரா என்றும் தோன்றியது.

படித்து முடித்ததும் இரண்டு கைகளாலும் அதைத் திருப்பிக் கொடுத்தார். பிறகுதான் தன்னுடையதை எடுத்து நீட்டினார்.

“ஓகே,” என்றார். “இனி நீங்கள் பார்க்கலாம்.”